டீசல் நிரப்பும்போது டேங்க் எதிர்த்துக் கக்குகிறது: என்ன செய்யலாம்?

காசிமேட்டுப் படகு:

அனைவருக்கும் வணக்கம். காசிமேட்டில் இருந்து தங்குகடல் தொழிலுக்கு, அதாவது பல நாட்கள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகும் விசைப்படகு எங்களுடையது. இயந்திர அறையின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு இரும்பு டீசல் டேங்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,500 லிட்டர் கொள்ளும். இடப்பக்க டேங்க் எந்தத் தொல்லையும் இல்லாமல் டீசலை வாங்கிக்கொள்கிறது. வலப்பக்க டேங்கில் பாதிக்கு மேல் போனதும் உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்கிறது. சற்று நேரத்தில் நிரப்புக் குழாய் வழியாக டீசல் மேலேறி, நாசிலைச் சுற்றிப் பீறிட்டு, பிடித்துக்கொண்டிருப்பவர் முகத்திலும் சட்டையிலும் அடிக்கிறது. பங்க் நாசிலும் அடிக்கடி தானாகவே நின்றுவிடுகிறது. மிக மெதுவாக விட்டால் கக்குவதில்லை. ஆனால் பின்னால் படகுகள் வரிசையில் காத்திருக்கும்போது அப்படி நிரப்ப முடியவில்லை.

சென்ற ஆண்டு வரை இந்தத் தொல்லை இருந்ததில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் மேல்தளத்தைப் புதுப்பித்துப் பெயின்ட் அடித்தோம். வலப்பக்கம் விஞ்ச் (வலை இழுக்கும் சுழல் இயந்திரம்) பீடத்தை மாற்றிக் கட்டியதால் அந்தப் பக்கத்து டேங்கின் காற்று வெளியேறும் காற்றுக் குழாயைச் சற்றுச் சுற்றிக் கொண்டுபோனார்கள். அதன் பிறகுதான் இப்படி ஆகிறது.

நிரப்புக் குழாயைப் பெரிதாக்கச் சொல்கிறார் ஒருவர். நாசிலைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டச் சொல்கிறார் இன்னொருவர். ஏதோ ஒரு வால்வு வாங்கிப் பொருத்தினால் போதும் என்றும் சொல்கிறார்கள். சிந்தும் டீசல் துறைமுகத் தண்ணீரில் படலமாகப் பரவுவதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் சரியான வழியைச் சொல்ல வேண்டுகிறேன்.

நாகை மெக்கானிக்:

வணக்கம் ஐயா. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. இரண்டு டேங்கும் ஒரே அளவு, ஒரே பங்க், ஒரே நாசில். மாறியது காற்றுக் குழாய் ஒன்றுதான். எனவே நிரப்புக் குழாயைத் தொடுவதற்கு முன் காற்றுக் குழாயைப் பாருங்கள்.

நாசில் நிமிடத்துக்கு 80 லிட்டர் தள்ளினால், அதே நிமிடத்தில் 80 லிட்டர் காற்றும் டேங்கை விட்டு வெளியேறியாக வேண்டும். வாய் குறுகிய குடத்தைத் தண்ணீரில் அமுக்கும்போது, உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் காற்றும் ஒரே வாயில் முட்டிக்கொண்டு களக் களக் என்று சத்தம் போடுமே, உங்கள் டேங்கில் நடப்பதும் அதுவேதான். தனக்கென விட்ட வழி அடைபட்டிருப்பதால், காற்று நிரப்புக் குழாயின் வழியாகவே மேலேறுகிறது. ஏறும்போது எதிரே வரும் டீசலையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. மெதுவாக விட்டால் கக்காததற்குக் காரணம், அடைபட்ட வழியில் எஞ்சியிருக்கும் சிறு துவாரம் அந்த அளவுக் காற்றுக்குப் போதுமானதாக இருப்பதுதான்.

எப்போது கக்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தொடக்கத்திலேயே கக்கினால் நிரப்புக் குழாயில் மடிப்போ, தொய்வோ, கூர்மையான வளைவோ இருக்கும். நடுவில் கக்கினால் பெரும்பாலும் காற்றுக் குழாயில் அடைப்பு. டேங்க் நிறையும் தறுவாயில் மட்டும் கக்கினால், காற்றுக் குழாய் டேங்கின் மிக உயர்ந்த இடத்தில் பொருத்தப்படாமல், டீசல் ஏறியவுடன் மூழ்கிவிடும் இடத்தில் இருக்கிறது என்று பொருள். உங்களுடையது இரண்டாவது வகை.

இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. இயந்திரத்தையும் அடுப்பையும் அணைத்துவிட்டு, இயந்திர அறையின் மூடிகளைத் திறந்து காற்றோட்டம் வந்த பிறகு, அளவுக் கம்பி விடும் துவாரத்தின் மூடியைத் தளர்த்தி வையுங்கள். டேங்க் பாதியளவில் இருக்கும்போது வழக்கமான வேகத்தில் கொஞ்சம் மட்டும் நிரப்பிப் பாருங்கள். அந்தத் துவாரத்தில் காற்று உஸ்ஸென்று வந்து, கக்குவதும் நின்றுவிட்டால், குற்றம் காற்றுக் குழாயில்தான். ஒருவர் துவாரத்தின் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். டேங்க் முக்கால் அளவை எட்டும் முன்பே நிறுத்திவிட வேண்டும். இது சோதனைக்கு மட்டுமே உரியது. நாள்தோறும் மூடியைத் திறந்துவைத்து நிரப்பினால் டீசல் ஆவி முழுவதும் இயந்திர அறைக்குள் தங்கும்.

காற்றுக் குழாயில் முதலில் பார்க்க வேண்டியது தொய்வு. ஹோஸ் விஞ்ச் பீடத்தைச் சுற்றிக் கீழே இறங்கி மீண்டும் மேலே ஏறினால், இறங்கிய வளைவில் டீசல் தேங்கும். படகு அலையில் உருளும்போது டேங்கில் இருந்து தெறிக்கும் டீசல் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்பி வடிவதற்கு வழி கிடையாது. அந்தத் தேக்கத்தைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியேற வேண்டும். வளைவில் ஒரு முழ உயரத்துக்கு டீசலைத் தூக்கினால்தான் காற்று போக முடியும் என்றால், அதே அழுத்தம் நிரப்புக் குழாயிலும் டீசலை ஒரு முழ உயரத்துக்கு ஏற்றிவிடும். இரண்டு பக்கமும் இருப்பது ஒரே டீசல் அல்லவா. டேங்கின் தலைக்கும் மேல்தளத்தில் உள்ள நிரப்பு வாய்க்கும் இடையே பல படகுகளில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான். சிறிய தொய்வு என்று யாரும் பொருட்படுத்தாமல் விடுவது ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது, வெளிவாயில் இருக்கும் கம்பி வலை. பெயின்ட் அடிக்கும்போது தூரிகை அதன் மேலும் ஓடிவிடும். கண்ணிகள் பாதி அடைந்துபோனாலும் வெளியில் இருந்து பார்க்கப் புதிதாகத்தான் தெரியும். மூன்றாவது, குளவி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. வலை கிழிந்த குழாய் வாய் கிடைத்தால் குளவி மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டிவிடும். ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் வாயால் ஊதினாலே தெரிந்துவிடும். தடையில்லாமல் காற்று போக வேண்டும். டேங்கோடு இணைந்திருக்கும்போது மட்டும் கம்ப்ரசர் காற்றை அடிக்காதீர்கள். அந்த அழுத்தத்தை டேங்கின் தகடும் வெல்டிங்கும் தாங்காது.

இயந்திர அறை:

கப்பலில் பொறியாளராக இருப்பவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன். நாகை நண்பர் சொன்னது முற்றிலும் சரி. கப்பல்களில் பம்ப் அழுத்தத்தால் நிரப்பப்படும் டேங்குகளுக்கு, காற்றுக் குழாய்களின் மொத்தப் பரப்பு நிரப்புக் குழாயின் பரப்பைப் போல 125 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது வகைப்பாட்டுச் சங்கங்களின் (கப்பல்களின் கட்டுமானத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகள்) நெடுநாளைய விதி. அங்கே ஹோஸ் இறுகப் பூட்டப்படுவதால் காற்றுக்கு வேறு போக்கிடமே கிடையாது. படகில் நாசிலைச் சுற்றி இடைவெளி இருப்பதால் இவ்வளவு பெரிய குழாய் தேவைப்படுவதில்லை. அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சிலின் தரநிலைகள் உல்லாசப் படகுகளுக்கு ஒன்றரை அங்குல நிரப்பு ஹோஸும் குறைந்தது 9/16 அங்குலக் காற்று ஹோஸும் போதும் என்கின்றன. அது சிறு டேங்குகளுக்கான குறைந்தபட்ச அளவு. லாரிக்கு ஊற்றும் வேகத்தில் 1,500 லிட்டர் நிரப்பும் உங்களுக்கு ஓரங்குலக் காற்றுக் குழாயாவது வேண்டும் என்பது என் கருத்து.

இந்தக் கணக்கில் இருந்தே மற்ற யோசனைகளுக்கும் பதில் கிடைக்கிறது. நிரப்புக் குழாயைப் பெரிதாக்கினால் டீசல் இன்னும் வேகமாக உள்ளே போகும். வெளியேற வேண்டிய காற்றும் அந்த அளவுக்குக் கூடும். துணியை இறுக்கிக் கட்டினால் இப்போது காற்றுக்கு இருக்கும் கடைசி வழியையும் அடைத்தவராவீர்கள். அழுத்தம் ஏறி, நாசிலை எடுக்கும் நொடியில் மொத்தமாகப் பீறிடும். சிந்துவதை உறிஞ்சுவதற்காகத் துணியைத் தளர்வாகச் சுற்றி வைத்துக்கொள்வதில் தவறில்லை. வால்வைப் பொறுத்தவரை, காற்றுக் குழாயின் இடையில் பொருத்தி, காற்றை விட்டு டீசல் வந்ததும் மூடிக்கொள்ளும் மிதவை வகைகள் கிடைக்கின்றன. நல்ல குழாய் அமைப்பில் கடைசிச் சொட்டு வெளியே தெறிக்காமல் அவை காக்கும். அடைபட்ட குழாயில் அவற்றால் ஒரு பயனும் இல்லை. தொய்வை விட்டுவிட்டு வால்வு வாங்குவது வீண் செலவு.

நாசில் தானாக நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் மூக்கு நுனியில் ஒரு சிறு துளை இருக்கும். டீசல் பாயும்போது அந்தத் துளை வழியே காற்று உறிஞ்சப்படும். துளை டீசலிலோ நுரையிலோ மூழ்கினால் உறிஞ்சல் தடைபட்டு, உள்ளிருக்கும் சவ்வு விசையை விடுவித்துவிடும். டேங்க் நிறைந்துவிட்டதாக எண்ணி நாசில் நிற்பதில்லை; துளைக்கு எதிரில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே அது அறியும். டீசல் பெட்ரோலைவிட அதிகமாக நுரைக்கும் என்பதால், குழாயின் முதல் வளைவில் நேராக மோதும்படி நாசிலைச் செருகினால் நிற்கத்தான் செய்யும். சற்றுத் திருப்பி, பாயும் டீசல் குழாயின் சுவரோடு ஒட்டி வழியும்படி பிடித்தால் நுரை குறையும். நின்றுவிட்ட நாசிலை மீண்டும் மீண்டும் அழுத்தி "இன்னும் கொஞ்சம்" என்று நிரப்பும் பழக்கம்தான் பாதிச் சிந்தலுக்குக் காரணம்.

ஒரு கேள்வி: இரண்டு டேங்குகளையும் இணைக்கும் சமன் குழாய் உங்கள் படகில் இருக்கிறதா? இருந்தால், நிரப்பும்போது அதன் வால்வை மூடி வையுங்கள். ஐஸ் ஏற்றும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், உயரப் பக்கத்து டேங்கில் ஊற்றும் டீசல் தாழ்ந்த பக்கத்து டேங்குக்கு ஓடி, யாரும் பார்க்காத அந்தப் பக்கத்துக் காற்றுக் குழாய் வழியாகக் கடலில் கொட்டும். ஐஸ் ஏற்றி முடித்து, படகு நிமிர்ந்து நின்ற பிறகு டேங்கின் கடைசிப் பங்கை நிரப்புவது நல்லது.

முழுவதும் நிரப்பவும் வேண்டாம். டீசல் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஏறக்குறைய ஆயிரத்தில் 0.8 பங்கு விரியும். 1,500 லிட்டர் டீசல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 12 லிட்டர் கூடும். பங்கின் நிலத்தடித் தொட்டியில் இருந்து வரும் டீசல் சற்றுக் குளிர்ந்திருக்கும். படகில் அது வெயிலாலும், இயந்திரத்தில் இருந்து திரும்பி வரும் சூடான டீசலாலும் சூடேறும். விளிம்பு வரை நிரப்பிய டேங்க், முகத்துவாரம் தாண்டுவதற்குள்ளேயே காற்றுக் குழாய் வழியாக வழியத் தொடங்கிவிடும். 90 அல்லது 95 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

டீசல் தீப்பிடிக்காது என்று நம்மவர்கள் பலர் எண்ணுகிறார்கள். இந்தியாவில் வாகனங்களுக்கு விற்கப்படும் டீசலின் தீப்பற்று வெப்பநிலைக்கு (அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) தரநிலை விதித்திருக்கும் கீழ்வரம்பு 35 டிகிரி செல்சியஸ்தான். மே மாத நண்பகலில் சென்னையில் இரும்புத் தளத்தின் சூடு அதைத் தாண்டிவிடும். எனவே தளத்தில் சிந்திய டீசலைத் தண்ணீர் அடித்துக் கடலில் தள்ளாமல், மரத்தூளோ துணியோ போட்டு உடனே துடைத்தெடுக்க வேண்டும். கப்பலில் எரிபொருள் ஏற்றத் தொடங்கும் முன் தளத்தின் வடிகால் துளைகளை அடைப்போம். காற்றுக் குழாய்களின் கீழே தட்டு இருக்கும். உங்கள் படகிலும் வடிகால் துளைகளுக்கு மரக்கட்டை செதுக்கி வைத்துக்கொள்ளலாம். செலவே இல்லாத காரியம். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் படலத்தைக் கலைக்கவே கூடாது. அது டீசலை நீருக்குள் இறக்கி மீனுக்கு இன்னும் கேடு செய்யும்.

காசிமேட்டுப் படகு:

இருவருக்கும் மிக்க நன்றி. அளவுக் கம்பியின் மூடியைத் தளர்த்திப் பார்த்தோம். காற்று வேகமாக வந்தது, கக்குவது அந்த நொடியே நின்றது. பிறகு காற்று ஹோஸைப் பின்தொடர்ந்து போனால், விஞ்ச் பீடத்துக்கு அடியில் அது தொட்டில் போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. கிளாம்பைக் கழற்றியதும் ஒரு குவளை அளவுக்குக் கறுத்த டீசல் வடிந்தது. வெளிவாயின் வலையில் கால்வாசிக் கண்ணிகளில்தான் வெளிச்சம் தெரிகிறது. மீதியெல்லாம் நீலப் பெயின்ட். சமன் குழாய் இருக்கிறது. நிரப்பும்போது அதை நாங்கள் மூடுவதில்லை, இனி மூடுவோம்.

இன்னும் இரண்டு கேள்விகள். இந்த வலையே அடைப்புக்குக் காரணம் என்றால் அதை எடுத்துவிடலாமா? அடுத்து, என் மைத்துனர் ஃபைபர் படகில் பெட்ரோல் வெளிப்பொருத்து (அவுட்போர்டு) இயந்திரம் வைத்திருக்கிறார். அவருடைய தனி டேங்கின் (படகில் இருந்து தூக்கி எடுக்கக்கூடியது) மூடியைத் திறந்தாலே பெட்ரோல் பீச்சி அடிக்கிறது. அதற்கும் இதே மருந்துதானா?

பெர்த் வாசி:

ஐயா, வலையை எடுத்துவிடாதீர்கள். அது பூச்சியைத் தடுப்பதற்கு மட்டும் வைத்ததல்ல. வெளியே பற்றிய தீ, ஆவி வழியாக டேங்குக்குள் புகாமல் தடுப்பதும் அதன் வேலை. பெட்ரோல் இயந்திரத்தை உள்ளே பொருத்திய படகுகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள், காற்றுக் குழாயில் சுத்தம் செய்யக்கூடிய தீத்தடுப்பு வலை இருக்க வேண்டும் என்றும், டேங்கின் உள்ளழுத்தம் அதன் மேல் குறித்த அழுத்தத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாதபடி காற்றுக் குழாய் அமைய வேண்டும் என்றும் சொல்கின்றன. சுத்தம் செய்யக்கூடியது என்பதுதான் முக்கியம். பெயின்ட் படிந்த வலையைக் கழற்றி எறிந்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகில் புதிய வலை போட்டுக்கொள்ளுங்கள்.

மைத்துனரின் தொல்லை வேறு வகை. தனி டேங்க் வெயிலில் கிடந்தால் உள்ளே பெட்ரோல் ஆவி அழுத்தம் ஏறி டேங்கே உப்பிவிடும். பழைய வகை டேங்குகளில் மூடியில் ஒரு காற்றுத் திருகு இருக்கும். இயந்திரம் ஓடும்போது அதைத் திறக்க வேண்டும், கரைக்கு வந்ததும் மூட வேண்டும். புதிய வகைகள் குறிப்பிட்ட அழுத்தம் வரை ஆவியை உள்ளேயே அடக்கிவைக்கும்படி செய்யப்பட்டவை. எதுவானாலும், டேங்கை நிழலில் வைத்துச் சற்று ஆறவிட்டு, மூடியை ஒரேயடியாகத் திருகாமல் கால் சுற்று திருப்பி, காற்று இறங்கும் வரை பொறுத்து, பிறகுதான் முழுவதும் திறக்க வேண்டும். இணைப்பு ஹோஸை இயந்திரத்தில் இருந்து கழற்றி வைப்பதும் நல்லது. இல்லாவிட்டால் அந்த அழுத்தம் பெட்ரோலை இயந்திரத்துக்குள்ளேயே தள்ளிக் கசியவிடும்.

டீசலுக்குச் சொன்ன நிதானத்தைப் பெட்ரோலுக்குப் பல மடங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். பெட்ரோலின் தீப்பற்று வெப்பநிலை சுழியத்துக்கும் 40 டிகிரி கீழே இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடித்தட்டில் இறங்கித் தங்கிவிடும். தனி டேங்கைப் படகில் வைத்து நிரப்பவே கூடாது. இறக்கித் தரையில் வைத்து, நாசிலின் உலோகம் டேங்கின் வாயைத் தொட்டபடியே நிரப்ப வேண்டும். ஃபைபர் தளத்தின் மேலோ பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ வைத்தால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் பொறி பறக்கலாம்.

இங்கே எங்கள் சிறு படகுகளை டிரெய்லரில் ஏற்றிப் பெட்ரோல் நிலையத்துக்கே கொண்டுபோய் நிரப்புகிறோம். டிரெய்லரின் முன்பக்கம் சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால், உள்ளே பொருத்திய டேங்கின் காற்று வாய் மூழ்கி, அதுவும் கக்கத் தொடங்கிவிடும். முன்சக்கரத்தைச் சற்று ஏற்றியோ இறக்கியோ படகை மட்டமாக நிறுத்தினால் அதே டேங்க் அமைதியாக வாங்கிக்கொள்ளும். தண்ணீரில் நிற்கும் படகுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

நாகை மெக்கானிக்:

பெர்த் நண்பர் சொன்னதை அப்படியே செய்யுங்கள். குழாய் வேலைக்கு மட்டும் இன்னும் சிறிது சேர்க்கிறேன்.

புதிய ஹோஸை விஞ்ச் பீடத்தின் அடியில் கொண்டுபோக வேண்டாம். டேங்கின் மிக உயர்ந்த மூலையில் தொடங்கி வெளிவாய் வரை ஓரிடத்திலும் இறங்காமல், தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும்படி வழி பாருங்கள். மூலையை டேங்கின் வரைபடத்தில் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. ஐஸும் தண்ணீரும் ஏற்றிய நிலையில் படகு எப்படி நிற்கிறதோ, அப்போது எந்த மூலை உயர்ந்திருக்கிறதோ அதுதான் கணக்கு. எரிபொருளுக்கென்றே செய்த, உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஹோஸைப் போடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாய் டீசலில் ஊறி, இயந்திர அறைச் சூட்டில் தொய்ந்து, ஓர் ஆண்டுக்குள் மீண்டும் அதே தொட்டிலாகிவிடும். ஒன்றரை அடிக்கு ஒரு கிளாம்ப் வைத்துக் கட்டையோடு பிடித்துவிட்டால் தொங்குவதற்கு இடமிருக்காது. வெளிவாய் அன்னத்தின் கழுத்துப் போலக் கீழ்நோக்கி வளைந்து, நிரப்பு வாயைவிட உயரமாகவும், தளத்தில் ஏறும் அலை எட்டாத இடத்திலும் இருக்கட்டும். அது இயந்திர அறையின் காற்று வாய்க்கோ சமையல் இடத்துக்கோ பக்கத்தில் வந்துவிடக் கூடாது.

அடைபட்ட காற்றுக் குழாயின் தீங்கு நிரப்புவதோடு முடிவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். கடலில் இயந்திரம் டீசலை இழுக்கும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, இயந்திரம் டீசல் கிடைக்காமல் திணறி நிற்கும். வலப்பக்க டேங்கில் ஓடும்போது மட்டும் இயந்திரம் இழுவை குறைந்ததாக உங்கள் டிரைவர் சொன்னதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் ஃபில்டரை மாற்றும் முன் இதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்த தடைக்காலத்தில் பெயின்ட் அடிக்கும் முன் வலையின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். குளவிக்காகத் துணியடைப்பு வைப்பதானால், அதில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டி, மறுமுனையை நிரப்பு வாயின் மூடியோடு முடிந்துவையுங்கள். மூடியைத் திறப்பவர் கையில் நாடா தட்டுப்படும். அடைப்பை எடுக்காமல் யாரும் டீசல் ஊற்ற முடியாது.

வேலை முடிந்ததும் முதல் தடவை பாதி வேகத்தில் நிரப்புங்கள். ஒருவர் நாசிலைப் பிடிக்க, இன்னொருவர் காற்றுக் குழாயின் வாயில் கையை வைத்துப் பார்க்கட்டும். தொடக்கம் முதல் காற்று சீராகக் கையில் பட வேண்டும். விட்டு விட்டு வந்தாலோ, டீசல் துளிகளோடு வந்தாலோ, எங்கோ இன்னும் ஒரு தொய்வு மிச்சமிருக்கிறது. சீராக வந்தால் வேகத்தைக் கூட்டலாம். என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள். ஹோஸ் போகும் வழியைப் படம் எடுத்துப் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.